பாட்டிக்கு எத்தனை பாஷை தெரியும்? – அரூர் வட்டாரத்தில் முதுமையும் ஆங்கிலமும்

மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் தாய்மொழிக்கு அடுத்த கட்டத்தில் ‘தெரிந்த பிற மொழிகள்’ என்றொரு கேள்வி உண்டு. இரண்டு மொழிகள் வரை சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, பேசவும் பேசினால் புரிந்துகொள்ளவும் முடிந்தால் போதும். 2011-இல் இந்தக் கேள்விக்கு வந்த விடைகளைக் கூட்டித்தான் இந்தியாவில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் சுமார் 12.9 கோடிப் பேர் என்கிறோம். ஆங்கிலத்தைத் தாய்மொழி என்று சொன்னவர்கள் 2,59,678 பேர். இரண்டாம் மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 8.3 கோடி, மூன்றாம் மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 4.6 கோடி. ஆக மொத்தம் பத்துப் பேரில் ஒருவர்.

இந்த எண் எப்படித் திரட்டப்படுகிறது என்பதை தருமபுரி மாவட்டத்து அரூர்ப் பக்கத்து வீடு ஒன்றின் வாசலில் நின்று பார்த்தால் அதன் பலமும் தெரியும், ஓட்டையும் தெரியும். கணக்கெடுக்க வருபவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர். அந்த நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்தான் எல்லோருக்குமாகப் பதில் சொல்வார். மருமகளோ பேரனோ மடமடவென்று ஒப்பித்துக்கொண்டே வந்து, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கிழவியின் முறை வந்ததும், “அதுக்கு என்ன சார் தெரியும், தமிழ் மட்டும்தான்” என்று முடித்துவிடுவார்கள். அந்தக் கிழவி புருஷனோடு பெங்களூரில் சித்தாள் வேலை பார்த்தவளாக இருக்கலாம், மேஸ்திரியிடம் கன்னடத்தில் கூலிச் சண்டை போட்டவளாக இருக்கலாம். பிறந்த வீட்டில் தெலுங்கு பேசி, வாக்கப்பட்ட வீட்டில் தமிழுக்கு மாறியவளாகவும் இருக்கலாம். ‘தெரியும்’ என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஊரில் நினைவுக்கு வருவது பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தில் படிக்காத மொழி எதையும் தெரிந்ததாக யாரும் ஒப்புக்கொள்வதில்லை, தெரிந்தவரே ஒப்புக்கொள்வதில்லை.

முதியோரின் ஆங்கிலத் திறன் பற்றிய பேச்சு உலகெங்கும் இப்போது அதிகம். அமெரிக்கா 1980-லிருந்தும், இங்கிலாந்தும் வேல்ஸும் 2011-லிருந்தும் தத்தம் கணக்கெடுப்பில் வேறு மொழி பேசுவோரிடம் “ஆங்கிலம் எவ்வளவு நன்றாகப் பேசுவீர்கள்?” என்று கேட்கின்றன. மிக நன்றாக, நன்றாக, அவ்வளவாக இல்லை, அறவே இல்லை என்று நான்கு விடைகள். அங்கே அது குடியேறி வந்தவர்களைப் பற்றிய கேள்வி. முதியவர் ஒருவர் ஆங்கிலம் பேசாவிட்டால், அவர் எப்போது, எந்த நாட்டிலிருந்து வந்தார் என்று அடுத்துக் கேட்பார்கள். அரூரில் அப்படிக் கேட்க முடியாது. இங்கே முதியவர்கள் எங்கிருந்தும் வரவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தார்கள், ஆங்கிலம்தான் அவர்களைச் சுற்றி வந்து சேர்ந்தது. மருந்து அட்டையிலும் செல்பேசியிலும் நீதிமன்றத் தீர்ப்பிலுமாக வந்து சேர்ந்தது. ஆகவே இங்கே முதியவரின் ஆங்கிலமின்மையை அவருடைய குறையாக எழுதுவது தவறு. அவருக்குப் பள்ளி என்ன செய்யவில்லை என்பதன் பதிவாகத்தான் அதைப் படிக்க வேண்டும். அதே கையோடு, பள்ளி இல்லாமலேயே அவர் எத்தனை மொழிகளைப் பிடித்துக்கொண்டார் என்பதையும் எழுத வேண்டும். முதல் பாதியை எல்லோரும் எழுதுகிறோம், இரண்டாவது பாதி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

அரூர் வட்டாரம் வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு ஒரே தமிழாகத் தெரியும். கொஞ்சம் காது கொடுத்தால் அப்படி இல்லை. அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றில் வீட்டு மொழி தெலுங்கு. நாயுடு வீடுகளிலும் அதே, ஆனால் வேறு தெலுங்கு. இஸ்லாமியக் குடும்பங்கள் பலவற்றில் உருது, அதுவும் லக்னோ உருது அன்று, தக்காணத்து உருது. மாவட்டத்தின் மேற்கே போகப்போகக் கன்னடம். சித்தேரி மலையிலும் கல்வராயன் மலைச் சரிவிலும் வாழும் மலையாளி மக்கள் பேசுவது தமிழ்தான். பெயரைப் பார்த்துக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம், அவர்கள் மலையாளம் பேசுபவர்கள் அல்லர். இரு மலைகளுக்கும் நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அவர்களுடைய மொழி இந்தோ-ஆரியக் குடும்பத்தைச் சேர்ந்தது, தனக்கென எழுத்து இல்லாதது. அந்தக் குடியிருப்புகளில் பழைய தலைமுறைப் பெண்கள் வீட்டில் லம்பாடியும் வெளியே தமிழும் பேசியே வளர்ந்தவர்கள். எந்த வாத்தியாரும் சொல்லிக்கொடுக்காத இருமொழித் திறன் அது. இங்கே ‘பன்முகச் சமூகம்’ என்றால் அயல்நாட்டார் வந்து கலந்த நகரம் என்று பொருளில்லை. ஒரே சந்தையில் நான்கு வீட்டு மொழிக்காரர்கள் தமிழில் பேரம் பேசுவதுதான்.

இனி ஆங்கிலத்துக்கு வருவோம். இன்று எழுபது வயதாகும் ஒருவர் 1955 வாக்கில் பிறந்தவர், 1960-61-இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டியவர். காமராஜர் முதலமைச்சராக இருந்த 1954–63 காலம் அது. ஊருக்கு ஊர் ஓராசிரியர் பள்ளி திறந்து, 1956 முதல் மதிய உணவு போட்டுப் பிள்ளைகளை உள்ளே இழுத்த காலம். ஆனால் பள்ளியின் கதவு திறந்ததும் ஆங்கிலத்தின் கதவும் திறந்துவிடவில்லை. ஏ.பி.சி.டி. அப்போது தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்புகளில்தான் எட்டிப் பார்த்தது. வாக்கியம் அமைக்கக் கற்பதெல்லாம் நடுநிலைப் பள்ளியில், உயர்நிலைப் பள்ளியில். அதுவரை நீடித்தவர்கள் யார்? கிராமத்தில் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பெண்பிள்ளையை நிறுத்தினார்கள். இன்னும் சிலரை ஆடு மேய்க்க, தம்பி தங்கையைத் தூக்க, அதற்கும் முன்பே நிறுத்தினார்கள். உயர்நிலைப் பள்ளிக்கு அரூருக்கு வர வேண்டும், மலையிலிருந்து நடந்து இறங்க வேண்டும். சேரியிலிருந்து வந்த பையனுக்கு நடை மட்டும் தடையில்லை, வகுப்பறையும் தடையாக இருந்தது. ஆகவே இந்த வட்டாரத்தில் எழுபது வயதுக்காரரின் ஆங்கிலம் என்பது அவருடைய மூளையைப் பற்றியோ முயற்சியைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. ஆணா பெண்ணா, எந்தத் தெரு, பள்ளிக்கூடம் எத்தனை மைல் என்ற மூன்றையும் சொல்லிவிட்டால் அவருக்கு எவ்வளவு ஆங்கிலம் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு. மாநிலத்தின் சராசரி 80.1. தமிழ்நாட்டு மாவட்டங்களில் கடைசி இடம். இது எல்லா வயதையும் சேர்த்த கணக்கு. பள்ளி போய்க்கொண்டிருக்கும் பிள்ளைகள் அநேகமாக எல்லோரும் எழுத்தறிந்தவர்கள் என்பதால், இந்தப் பள்ளத்தின் பெரும்பங்கு வயதானவர்களுடையது, அதிலும் பெண்களுடையது. தமிழே எழுத வாய்க்காத தலைமுறையிடம் ஆங்கிலம் எவ்வளவு என்று கேட்பதில் ஒரு குரூரம் இருக்கிறது.

எஸ்.எஸ்.எல்.சி. வரை தாக்குப்பிடித்தவர்களின் ஆங்கிலம் தனி ரகம். பதினோராம் வகுப்போடு முடிந்த பழைய எஸ்.எஸ்.எல்.சி. அது, 1978-இல்தான் பத்தும் இரண்டுமான இன்றைய முறை வந்தது. அந்தக் காலத்து மாணவர்களுக்கு ஆக்டிவ் வாய்ஸைப் பாஸிவ் வாய்ஸாக மாற்றத் தெரியும். விடுப்பு விண்ணப்பத்தை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்: “அஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்…” காய்ச்சல் இல்லாத நாளிலும் அதே காய்ச்சல்தான். தாசில்தாருக்கு மனு எழுதுவார்கள், ஆங்கிலச் செய்தித்தாளை எழுத்துக் கூட்டாமல் படிப்பார்கள். ஆனால் எதிரே ஒருவர் ஆங்கிலத்தில் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கணக்குப்பிள்ளை, தபால்காரர், சத்துணவு அமைப்பாளர், ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியர் என்று இந்த வகைக்காரர்களை அரூரைச் சுற்றி இன்றும் காணலாம். ‘ஆங்கிலம் பேசத் தெரியுமா?’ என்று கேட்கும் ஆய்வாளர் இவர்களைத் ‘தெரியாது’ பக்கம் தள்ளிவிடுவார். மறுபக்கம், ராணுவத்தில் பதினைந்து ஆண்டு இருந்து வந்தவருக்கோ, ஓட்டல் வேலைக்குப் போய் வந்தவருக்கோ ஆங்கிலத்தில் எழுத ஒரு வரி வராது, ஆனால் கூச்சமில்லாமல் பேசுவார். எழுத்தில் வாழும் ஆங்கிலம் ஒன்று, வாயில் வாழும் ஆங்கிலம் ஒன்று. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டால் இரண்டுமே தப்பாகும்.

கொஞ்சம் ஆங்கிலம் என்பதற்கு அந்தத் தலைமுறையில் பெரிய மதிப்பிருந்தது. தந்தி வந்த வீடுகளை நினைத்துப் பார்க்கலாம். தந்தி ஆங்கிலத்தில் இருக்கும். அதைப் படித்துச் சொல்ல ஊரில் ஓர் ஆள், இரண்டு ஆள். படிப்பவரைத் தேடிப் போவதற்குள் வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும். கடைசியில் பார்த்தால் வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று இருக்கும். தந்தி 2013 ஜூலையில் நின்றுபோனது. அதைப் படித்துச் சொன்ன ஆளுக்கு ஊரில் இருந்த மரியாதையை விளக்க ஒரு பொருளாதார ஆய்வு இருக்கிறது. மேரிலாந்து பல்கலைக்கழகமும் தில்லியின் தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வு மன்றமும் சேர்ந்து 2005-இல் நடத்திய இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு 41,554 வீடுகளில் ஆங்கிலம் பேசும் திறனைக் கேட்டது. ‘சரளமாக, கொஞ்சம், இல்லை’ என்ற மூன்றே விடைகள். பெரியவர்களில் ஐந்தில் ஒருவர் ஏதோ ஓரளவு பேசுவதாகவும், சரளமாகப் பேசுபவர் 4 விழுக்காடு என்றும் தெரிந்தது. அந்தத் தரவை வைத்து மெஹ்தாபுல் ஆசம், எய்மி சின், நிஷித் பிரகாஷ் ஆகியோர் 2013-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆண்களில் சரளமாகப் பேசுபவரின் மணிநேரக் கூலி, அறவே தெரியாதவரைவிட 34 விழுக்காடு கூடுதல். கொஞ்சம் தெரிந்தவருக்கு 13 விழுக்காடு கூடுதல். அதைவிடக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று அதில் உண்டு. வயதில் மூத்த தொழிலாளர்களிடம் படிப்பு குறைவானவர்க்கும் ஆங்கிலத்தால் கூலி கூடியிருந்தது. இளையவர்களில் நிறையப் படித்தவருக்கு மட்டுமே கூடியது.

இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஆங்கிலம் அரிதாக இருந்த காலத்தில், எட்டாம் வகுப்போடு நின்ற ஆளுக்கும் அந்தக் கொஞ்ச ஆங்கிலம் ஒரு வேலை வாங்கிக் கொடுத்தது. கிடங்கில் சரக்குப் பெயர் எழுத, லாரி பில் பார்க்க, மொரப்பூர் ரயில் நிலையத்தில் பார்சல் ஏற்ற அது போதும். இன்று எல்லோரும் ஆங்கில வழிக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். 2012-13-லிருந்து அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்துவிட்டன. கொஞ்சம் ஆங்கிலம் இப்போது யாருக்கும் எதையும் வாங்கித் தருவதில்லை. ஆக, தாத்தாவுக்குக் கிடைக்காமல் போனது பேரனுக்குக் கிடைப்பதைவிட விலை உயர்ந்தது. அது கிடைக்காமல் போனவர்கள் யார் என்பதைத்தான் மேலே சொன்னோம்.

இந்த மண்ணில் மொழிச் சுமை யார் தலையில் இருந்தது என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. இன்றைய தருமபுரிச் சீமை அதில் அடக்கம். அதை நிர்வகிக்க கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ், மதராஸ் சிவில் அதிகாரிகளை விட்டுவிட்டு ராணுவத்தாரைத் தேர்ந்தெடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ முதலிய உதவியாளர்களும் வந்தார்கள். இந்தத் தேர்வுக்கு முக்கியக் காரணம், சிவில் அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகள் தெரியவில்லை என்பது. மன்றோ 1799 வரை இந்தப் பகுதியில் இருந்து, ஊர் ஊராகப் போய் நிலத்தை அளந்து குடியானவர்களிடம் பேசி வரி போட்டார். வரி வசூலுக்காகத்தான், கருணையால் அல்ல. இருந்தாலும் அதிகாரிதான் குடியானவரின் மொழிக்கு வர வேண்டும் என்ற விதி அப்போது இருந்தது. 230 ஆண்டு கழித்து, தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இல் வந்து எழுபது ஆண்டு நெருங்கும் வேளையில், அந்த விதி எங்கே போனது என்று கேட்கத் தோன்றுகிறது.

அது எங்கே போனது என்பதை அரூர்ப் பேருந்து நிலையப் பக்கத்து மருந்துக் கடை எதிலும் பார்க்கலாம். வயதானவர் ஒருவர் இடுப்பிலோ மஞ்சள் பையிலோ இருந்து காலியான பழைய மாத்திரை அட்டையை எடுத்து நீட்டுவார். அதுதான் அவருடைய மருந்துச் சீட்டு. அட்டையில் உள்ள பெயர் ஆங்கிலத்தில். கடைக்காரர் பத்து மாத்திரை அட்டையைக் கத்தரித்து ஆறு கொடுத்தால், காலாவதித் தேதி அச்சான துண்டு கடையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. வீட்டுக்குப் போனதும் மாத்திரையை அடையாளம் காண்பது நிறத்தாலும் வடிவத்தாலும்தான்: சுகருக்கு நீள வெள்ளை, பி.பி.க்குச் சின்ன வெள்ளை, சத்துக்குச் சிவப்பு. அடுத்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை வந்து நிறம் மாறினால் எல்லாம் குழம்பும். ஒன்றே இரண்டு முறை போகும், அல்லது பயந்துகொண்டு எதையுமே போடாமல் விடுவார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துகளை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. மாத்திரை வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது, அதன் பெயர் இன்னும் வரவில்லை. காலை, மதியம், இரவு என்று சூரியனும் நிலாவும் வரைந்த காகித உறையில் போட்டுக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. செலவு பிடிக்காத, எழுத்தே வேண்டாத அந்த ஏற்பாட்டை எல்லாக் கடையும் பின்பற்றலாம்.

வங்கி வேறொரு கதை. படிவங்கள் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். படிவத்தில் தமிழ் இருக்கும். ஆனால் இப்போது படிவத்தை யார் எடுக்கிறார்கள்? மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை வந்ததா இல்லையா என்பதைச் சொல்வது செல்பேசியில் வரும் ஆங்கில மெசேஜ். அதைப் படிக்க பேரன் பள்ளியிலிருந்து வர வேண்டும். பணம் வந்த செய்தியும், கடன் தருகிறோம் என்ற விளம்பரமும், ஓ.டி.பி. எண்ணும், ஏமாற்றுக்காரர் அனுப்பும் சுட்டியும் அவருக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். எல்லாம் புரியாத எழுத்து. மோசடிக்கு முதியவர்கள் ஆளாகிறார்கள் என்று விழிப்புணர்வுக் கூட்டம் போடுவதைவிட அந்த மெசேஜைத் தமிழில் அனுப்புவது எளிது.

அரூர் வட்டாரத்தில் இதையெல்லாம் விடக் கனமான எடுத்துக்காட்டு வாச்சாத்தி. சித்தேரி மலையடிவாரத்து மலையாளி மக்களின் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் புகுந்து செய்த கொடுமை நாடறிந்தது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மீது வழக்கு நடந்தது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், அதுவரை உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023 மார்ச்சில் அந்த ஊருக்கே நேரில் வந்து பார்த்துவிட்டு, அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதி செய்தார். அந்தப் பெண்களுக்கு ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்றார். 1992-இல் நடுவயதில் இருந்தவர்கள் தீர்ப்பு வந்தபோது முதியவர்கள். அவர்கள் தமிழில் சாட்சி சொன்னார்கள், தமிழில் குறுக்கு விசாரணையைத் தாங்கினார்கள். உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். அரசமைப்பின் 348-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று சட்டப்பேரவை 2006-இல் தீர்மானம் போட்டும் அது நடக்கவில்லை. தங்கள் வாழ்க்கையின் முப்பத்தோராண்டுப் போராட்டத்துக்குக் கிடைத்த விடையை அவர்கள் வழக்கறிஞர் சொல்லி, மலைவாழ் மக்கள் சங்கத் தோழர்கள் சொல்லி, தொலைக்காட்சி சொல்லித் தெரிந்துகொண்டார்கள். குறைகளுக்குத் தீர்வு கேட்டு எந்த அலுவலரிடமும் நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் முறையிட ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது 350-ஆவது பிரிவு. பதில் எந்த மொழியில் வர வேண்டும் என்று அதில் இல்லை.

இதே வட்டாரத்தில் வேறு விதமாகவும் செய்ய முடிந்திருக்கிறது. சிட்லிங்கியில் 1993-இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெயரில் ஒரு குடிசையில் மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அங்கே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்சி பெற்றவர்கள் பள்ளத்தாக்கின் பழங்குடிப் பெண்களே. மருத்துவப் பாடநூலின் ஆங்கிலத்துக்கும் நோயாளியின் பேச்சுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நோயாளி கடக்க வேண்டியதில்லை, அவருடைய உறவுக்காரப் பெண்ணே கடந்து வந்து நிற்கிறாள். பாட்டிக்கு ஆங்கிலம் கற்பிக்கும் யோசனை யாருக்கும் வரவில்லை, தேவைப்படவும் இல்லை. லம்பாடிப் பெண்களின் பூத்தையல் கலையை மீட்டு ‘பொர்கை’ என்ற கைவினைக் குழு வளர்ந்ததும் அங்கேதான். இளையவர்கள் மறந்துவிட்ட தையலை முதிய பெண்கள் சிலர் நினைவில் வைத்திருந்ததால் அது முடிந்தது.

நினைவு என்றதும் மருத்துவ ஆய்வுகளுக்கு வர வேண்டியிருக்கிறது. இருமொழி பேசுபவர்களுக்கு மறதிநோய் தாமதமாக வருகிறது என்று 2007-இல் டொராண்டோவில் எலன் பியலிஸ்டாக் குழு முதலில் சொன்னது. அங்கே இருமொழிக்காரர்களில் பெரும்பாலோர் குடியேறியவர்கள். குடியேறத் துணிந்தவர்கள் இயல்பிலேயே உடல்நலம் மிக்கவர்களாக இருக்கலாமே என்று ஐயம் கிளம்பியது. அந்த ஐயத்தைத் தீர்க்க இந்தியாவைப் போல வசதியான இடம் வேறில்லை. ஐதராபாத் நிசாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் சுவர்ணா அல்லாடி தலைமையிலான குழு 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டது. தெலுங்கும் உருதும் இந்தியும் ஆங்கிலமுமாகக் கலந்து புழங்கும் நகரம் அது; ஒரு மொழிக்கு மேல் பேச யாரும் ஊர்விட்டு ஊர் போக வேண்டியதில்லை. இருமொழிக்காரர்களுக்கு நோய் தோன்றிய வயது, ஒருமொழிக்காரர்களைவிட நாலரை ஆண்டு பின்தள்ளியிருந்தது. எழுத்தறியாதவர்களிடமும் இந்த வேறுபாடு இருந்தது. இது பள்ளிப் படிப்பின் பலன் அல்ல, மொழிகளை மாற்றி மாற்றிப் பேசிய வாழ்க்கையின் பலன் என்பது அவர்களின் வாதம். இரண்டுக்கு மேல் எத்தனை மொழி தெரிந்தாலும் கூடுதல் பலன் தென்படவில்லை என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

இந்த நாலரை ஆண்டைத் தாயத்தாகக் கட்டிக்கொள்ள வேண்டியதில்லை. மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு அது. ஆண்டுக்கணக்கில் ஒரே ஆட்களைத் தொடர்ந்து பார்த்த வேறு ஆய்வுகள் சிலவற்றில் இப்படித் தெளிவான பலன் கிடைக்கவில்லை. ஆனால் அரூர் வாசகர் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி வேறு. மூளைக்கு இருமொழி நல்லதென்றால், அந்த இரண்டாவது மொழி ஆங்கிலமாக இருக்க வேண்டும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. தெலுங்கும் தமிழும் பேசும் எழுத்தறியாக் கூலிப் பெண்ணுக்கும், ஆங்கிலமும் தமிழும் பேசும் ஓய்வுபெற்ற பேராசிரியருக்கும் இந்தக் கணக்கில் இடம் ஒன்றே.

முதியவர்களின் அறிவாற்றலை அளக்கும் சோதனைகளிலும் இதே பிரச்சினை வந்திருக்கிறது. 1975-இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் குழு உருவாக்கிய சோதனையை உலகம் முழுதும் பயன்படுத்துகிறார்கள். அதில் ஓர் ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைப் பின்னிருந்து எழுத்துக் கூட்டச் சொல்லும் கட்டம் உண்டு. ஒரு வாக்கியத்தைப் படித்து அதன்படி செய், ஒரு வாக்கியம் எழுது என்றும் கேட்கும். பள்ளிக்கே போகாத ஒருவரை அந்தத் தாளின் முன் உட்கார வைத்தால் நல்ல நினைவாற்றல் உள்ளவரும் நோயாளி ஆகிவிடுவார். இதைக் கண்டு, எழுத்தறியாதவர்க்கும் பொருந்தும் இந்திச் சோதனையை அரியானாவின் பல்லப்கரில் உருவாக்கினார்கள். படிப்பு பாதிக்காத வகையில் மறதிநோயைக் கண்டறியும் முறையை 10/66 என்ற பன்னாட்டு ஆய்வுக் குழு வகுத்தது. மறதிநோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினர் ஏழை, நடுத்தர நாடுகளில் வாழ்ந்தும் ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றியதில்லை என்பதுதான் அந்தப் பெயருக்குக் காரணம். அந்த ஆய்வின் இந்தியக் களங்கள் இரண்டும் தமிழ்நாட்டில்தான்: சென்னை நகரமும், வேலூரைச் சேர்ந்த கிராமங்களும். சோதனையை மாற்றினார்களே தவிர, கிழவரை மாற்றச் சொல்லவில்லை. மருத்துவ ஆய்வாளர்களுக்குப் புரிந்த இந்த நியாயம் வங்கிக்கும் மருந்துக் கம்பெனிக்கும் நீதிமன்றத்துக்கும் புரிய எவ்வளவு காலம் ஆகும்?

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. ஆங்கிலமே பேசும் நாடுகள் முதியவர்களிடம் இதைவிடத் தாராளமாக நடக்கின்றன. பிரிட்டனில் குடியுரிமை கேட்பவருக்கு 65 வயதாகிவிட்டால் ஆங்கிலத் தேர்ச்சி காட்ட வேண்டியதில்லை. கனடாவில் 55 வயதிலேயே அந்த விலக்கு. ஆஸ்திரேலியாவில் 60 வயதானவருக்குக் குடியுரிமைத் தேர்வே கிடையாது. அமெரிக்காவில் 50 வயதாகி, நிரந்தரக் குடியிருப்புரிமையோடு 20 ஆண்டு அங்கே வாழ்ந்திருந்தால் ஆங்கிலத் தேர்வு இல்லை. குடிமையியல் கேள்விகளுக்குத் தன் மொழியிலேயே பதில் சொல்லலாம். டொராண்டோவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் யாழ்ப்பாணத்துப் பாட்டிக்குக் கனடா கொடுக்கும் சலுகையை, அரூரில் பிறந்து அரூரிலேயே மூத்த பாட்டிக்கு அவருடைய செல்பேசி கொடுப்பதில்லை.

முதியோருக்கு ஆங்கில வகுப்பு நடத்தலாமே என்று ஒரு யோசனை அவ்வப்போது வருகிறது. விருப்பப்பட்டவர் கற்கட்டும், தடுக்க வேண்டியதில்லை; எழுபது வயதில் கையெழுத்துப் போடக் கற்றவர்களின் மகிழ்ச்சி சிறியதல்ல. ஆனால் அதைத் தீர்வு என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. வகுப்பு வைத்தால் சுமை மறுபடியும் கிழவர் தலைக்கே போகிறது. தமிழில் அச்சிட வேண்டிய அட்டையை அச்சிடாமல், தமிழில் அனுப்ப வேண்டிய மெசேஜை அனுப்பாமல், தீர்ப்பின் சாரத்தைத் தமிழில் கொடுக்காமல் இருப்பவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். 2011-லேயே தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் மக்கள்தொகையில் பத்து விழுக்காட்டுக்கு மேல். இப்போது இன்னும் கூடியிருப்பார்கள். அவர்களுக்காகச் செய்யும் மாற்றம் ஒரு சிறு கூட்டத்துக்கான தயவாகாது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடு வீடாக ஆள் எண்ணும் பணி 2027 பிப்ரவரியில் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. கணக்கெடுப்பவர் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, பிற மொழிகள் என்ன தெரியும் என்று கேட்கும்போது, தாத்தா பாட்டிக்காக நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எந்த ஊரில் யாரோடு வேலை பார்த்தார்கள், அவர்களிடம் என்ன பேசினார்கள் என்று கேளுங்கள். தெலுங்கோ கன்னடமோ உருதோ லம்பாடியோ, அவர்கள் சொல்வதை எழுதச் சொல்லுங்கள்.